புரதங்கள் தாமே கூடிக்கொள்கின்றன என்றால் செல்லுக்கு என்ன வேலை?

கேள்வி: 4 ஜூன் 2022

பதினொன்றாம் வகுப்பில் செல்லின் சட்டகம், அதிலுள்ள நுண்குழல்கள், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்கோல் இழைகள் ஆகியவற்றைப் படித்தோம். இவற்றைக் கட்டுவதற்கான வரைபடம் டி.என்.ஏ.வில் இருப்பதாகவும் அதைப் பார்த்துச் செல் கட்டுவதாகவும் அப்போது சொல்லித் தந்தார்கள். ஆனால் தூய்மையாக்கிய புரதத்தைச் சோதனைக் குழாயில் இட்டு வெதுவெதுப்பாக வைத்தாலே நுண்குழல் உருவாகிவிடும் என்று அண்மையில் படித்தேன். தானாகவே உருவாகும் ஒன்றுக்கு வரைபடம் எதற்கு, செல்லுக்குத்தான் அங்கே என்ன வேலை? இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

4 ஜூன் 2022, இரவு

வரைபடம் என்பதுதான் தவறு. டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருப்பது அமினோ அமிலங்களின் வரிசை மட்டுமே. நுண்குழல் எத்தனை இழைகளால் ஆக வேண்டும், எவ்வளவு நீளம் வளர வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் அங்கே எந்தக் குறிப்பும் கிடையாது. வரிசையிலிருந்து புரதத்துக்கு ஒரு வடிவம் வருகிறது, அந்த வடிவத்தின் மேற்பரப்பில் சில இடங்கள் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டும் தன்மை பெறுகின்றன, மற்றவை அதிலிருந்து விளைகின்றன.

சோதனைக் குழாயைப் பற்றிப் படித்தது சரி. இதை முதலில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது நுண்குழல் அன்று, புகையிலை மொசைக் வைரஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஃபிரங்கல்-கான்ராட், ராப்ளி வில்லியம்ஸ் ஆகிய இருவரும் 1955 இல் அந்த வைரஸைப் புரதமாகவும் ஆர்.என்.ஏ.வாகவும் தனித்தனியே பிரித்து, பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தார்கள். பழைய கோல் வடிவ வைரஸ் மீண்டும் உருவானதோடு, புகையிலை இலையில் நோயையும் உண்டாக்கியது. கலவையில் செல்லும் இல்லை, என்சைமும் இல்லை.

5 ஜூன் 2022

நேற்றைய பதிவுக்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். அந்த வைரஸின் கோல் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் உடையது. அதன் உறையில் ஒரே வகையான புரதம் 2130 முறை திருகுபடிபோல அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புரதத்திலும் 158 அமினோ அமிலங்கள் உள்ளன, ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்துகள் வீதம் 474 எழுத்துகள் ஆகின்றன. உறையின் 2130 உறுப்புகளும் வெவ்வேறாக இருந்திருந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அந்த வைரஸிடம் மொத்தமாக உள்ளதே ஏறத்தாழ 6400 எழுத்துகள்தான். கிரிக்கும் வாட்சனும் 1956 இல் இந்தச் சிக்கனத்தை வைத்தே, சிறிய வைரஸ்களின் உறை ஒரே மாதிரியான உறுப்புகளால்தான் ஆகியிருக்க முடியும் என்று வாதிட்டார்கள். முழு வரைபடத்தையும் சுமந்து செல்ல அதற்கு இடமே இல்லை.

ஒரு நுணுக்கமும் உண்டு. அமிலத்தன்மை கூடிய கரைசலில் அந்தப் புரதம் ஆர்.என்.ஏ. இல்லாமலேயே கோலாக அடுக்கிக்கொள்ளும், ஆனால் அந்தக் கோல்களுக்கு நிலையான நீளம் இருப்பதில்லை. ஆர்.என்.ஏ. சேர்ந்தால்தான் 300 நானோமீட்டரில் நிற்கிறது. வடிவத்தைப் புரதமும், எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை வேறொன்றும் தீர்மானிக்கின்றன. கேட்டவரின் கேள்விக்கான விடை இங்கிருந்தே தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

9 ஜூன் 2022

"வைரஸ் உயிரே அன்று, செல்லைப் பற்றிப் பேசுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இனி நுண்குழலோடு நிற்கிறேன், ஏனெனில் நான் கையால் தொட்டு வேலை செய்த பொருள் அது.

நுண்குழல் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனது. ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின்கள் சேர்ந்த 8 நானோமீட்டர் நீளமுள்ள டைமர்தான் அதன் அலகு. டைமர்கள் தலைக்குக் கால் என்ற ஒழுங்கில் அடுக்கி இழையாகின்றன, பெரும்பாலும் 13 இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து 25 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற குழலாகின்றன.

இந்தப் புரதம் மூளையில் மிகுதியாக இருக்கிறது, ஆகவே எங்கள் ஆய்வகத்தில் ஆட்டு மூளையைத்தான் பயன்படுத்தினோம். விடிவதற்கு முன்பே ஆட்டுத்தொட்டிக்குப் போய், வெட்டிய சூடு ஆறுவதற்குள் மூளைகளை வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். தாமதித்தால் புரதம் கெட்டுவிடும். கடைக்காரர் இத்தனை மூளை எதற்கு என்று கேட்டபோது, புரதம் எடுக்க என்று உண்மையைச் சொன்னேன். வறுவலுக்கு என்று சொல்லியிருந்தால் விலையாவது குறைந்திருக்கும்.

தூய்மையாக்கும் முறை இந்தப் புரதத்தின் இயல்பையே கருவியாக்குகிறது. மூளையைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து மையவிலக்கியில் சுற்றித் தெளிந்த பகுதியை எடுத்து, அதில் ஜி.டி.பி. (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறும் கிளிசராலும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைத்தால் டியூபுலின் நுண்குழல்களாகிவிடும். வெதுவெதுப்பாகவே மீண்டும் சுற்றினால் குழல்கள் அடியில் படியும், மற்ற புரதங்கள் மேலே மிதந்து வெளியேறும். படிவைக் குளிர்ந்த கரைசலில் வைத்தால் குழல்கள் கலைந்து மீண்டும் டைமர்களாகக் கரையும், கரையாத கழிவை இப்போது ஒதுக்கிவிடலாம். சூடு, குளிர், சூடு, குளிர் என்று சுற்றச் சுற்றப் புரதம் தூய்மையாகும்.

குழல் உருவாவதைக் கண்ணால் பார்க்க முடியாது, கரைசல் கலங்குவதைக் கருவியால் அளக்கலாம். 350 நானோமீட்டர் ஒளியில் வைத்தால் முதலில் சிறிது நேரம் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும், பிறகு திடீரென்று ஏறும், ஏறிய பின் சமதளமாக நிற்கும். குப்பியைப் பனிக்கட்டியில் வைத்தால் கோடு அடிமட்டத்துக்கே இறங்கிவிடும். யாரும் கட்டவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை.

9 ஜூன் 2022, பின்னிரவு

முதன்முதலில் இதைச் சோதனைக் குழாயில் செய்து காட்டியவர் ரிச்சர்ட் வைசன்பெர்க், ஆண்டு 1972. அதற்கு முன்பு முயன்றவர்களுக்கு இது வசப்படாததற்குக் காரணம் கரைசலில் இருந்த கால்சியம். அவர் கால்சியத்தைப் பிடித்து ஒதுக்கும் பொருளைச் சேர்த்தார், ஜி.டி.பி.யையும் வைத்தார், குழல்கள் உருவாயின. "தானாக" என்ற சொல்லுக்குள் உப்பும் வெப்பமும் செறிவும் அடங்கியிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

12 ஜூன் 2022

இயற்பியல் படித்த ஒருவர் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறார். வெப்பம் கூடினால் ஒழுங்கு குலைவதுதானே முறை, பனிக்கட்டி உருகுவதும் அப்படித்தானே, இங்கே சூடேற்றினால் ஒழுங்கு பிறக்கிறது என்றால் என்ட்ரோபி விதி என்னவாயிற்று என்பது அவர் கேள்வி. இந்த உரையாடலில் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கணக்கில் நீரைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். புரதத்தின் மேற்பரப்பில் நீரை விரும்பாத பகுதிகள் உள்ளன, அவற்றைச் சூழ்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் விருப்பம்போல் திரும்ப முடியாமல் கட்டுண்டு நிற்கின்றன. இரண்டு டைமர்கள் அந்தப் பகுதிகளை உள்ளே வைத்து ஒட்டிக்கொண்டால் கட்டுண்ட நீர் விடுதலையாகிறது. புரதம் இழந்த சுதந்திரத்தைவிட நீர் பெற்ற சுதந்திரம் அதிகம் என்பதால் மொத்த என்ட்ரோபி கூடத்தான் செய்கிறது. வெப்பம் கூடக்கூட இந்த ஆதாயத்தின் எடை கூடும், குளிரில் குறையும். ஆகவே வெதுவெதுப்பில் குழல், குளிரில் கலைவு. புகையிலை மொசைக் வைரஸின் புரதமும் இதே போக்கு உடையது என்று மாக்ஸ் லாஃபர் விரிவாக ஆய்ந்து காட்டியிருக்கிறார்.

உயிருள்ள செல்லிலும் இப்படித்தானா என்றால், அப்படித்தான். நுண்குழல் என்ற பெயரே பரவாத 1950களில் ஷின்யா இனோவே தளவிளைவுற்ற ஒளியைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியைத் தாமே செம்மைப்படுத்தி, பிரிந்துகொண்டிருக்கும் முட்டைச் செல்களில், நுண்குழல்களாலான கதிர்கோல் இழைகளை உயிரோடு பார்த்தார். இழைகள் உண்மையில் உள்ளனவா, சாயமேற்றும்போது உண்டாகும் போலித் தோற்றமா என்று அதுவரை சண்டை நடந்துகொண்டிருந்தது. செல்லைக் குளிர்வித்தபோது கதிர்கோல் மறைந்தது, வெப்பத்துக்குத் திரும்பியதும் மீண்டும் தோன்றியது. கரைந்திருக்கும் அலகுகளும் கூடியிருக்கும் இழைகளும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே சமநிலையில் இருக்கின்றன என்று அவர் முடிவு செய்தது அந்தப் புரதம் பிரித்தெடுக்கப்படுவதற்கு முன்பே.

12 ஜூன் 2022

"அப்படியானால் அண்டார்க்டிக் கடல் மீன்கள் எப்படி உயிர் வாழ்கின்றன?" என்று உடனே அடுத்த கேள்வி வந்துவிட்டது. அவற்றின் டியூபுலினில் சில அமினோ அமிலங்கள் மாறியுள்ளன, பூஜ்ஜியத்துக்கும் கீழான கடல் நீரிலும் அவற்றின் குழல்கள் கூடி நிற்கின்றன. ஆட்டு மூளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

19 ஜூன் 2022

கலங்கல் அளவீட்டில் முதலில் கோடு தரையோடு கிடக்கும் என்று எழுதினேனே, அந்தக் காத்திருப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். செல்லின் வேலை என்ன என்ற கேள்வியின் பாதி விடை அந்தச் சமதளக் கோட்டில் இருக்கிறது.

வளர்ந்துகொண்டிருக்கும் குழலின் முனையில் ஒரு டைமர் வந்து சேர்வது எளிது, அதற்குக் கீழேயும் பக்கத்திலும் பிடிமானம் கிடைக்கிறது. ஆனால் கரைசலில் திரியும் இரண்டு மூன்று டைமர்கள் சந்தித்தால் அந்தக் கூட்டம் நிலைப்பதற்குள் பிரிந்துவிடும். தற்செயலாகப் போதிய அளவு பெரிய கூட்டம் ஒன்று சேரும் வரை எதுவும் நடக்காது. கற்கண்டு காய்ச்சுவோர் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான், பாகு எவ்வளவு செறிவாக இருந்தாலும் படிகம் பற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

இதை முதலில் தெளிவாகக் கணித்தவர் ஜப்பானின் நகோயாவில் இருந்த ஃபுமியோ ஊசாவா. 1959 இல் அவரும் உடன் பணியாற்றியோரும் தசையின் ஆக்டின் புரதத்தை ஆய்ந்து, ஒரு குறிப்பிட்ட செறிவுக்குக் கீழே இழையே உருவாவதில்லை, அதற்கு மேலே சேர்க்கும் புரதமெல்லாம் இழையாகிறது என்று காட்டினார்கள். நீராவி குளிர்ந்து துளியாகும் கணக்கையே புரதத்துக்கும் பொருத்தியது அவருடைய துணிவு.

டியூபுலினுக்கு வருவோம். முன்பே உள்ள முனையில் வளர ஒரு சில மைக்ரோமோலார் செறிவே போதும், புதிதாகத் தொடங்க அதைப்போலப் பல மடங்கு வேண்டும். இந்த இடைவெளியைச் செல் பயன்படுத்திக்கொள்கிறது. தானாகத் தொடங்குவது அரிதாக இருக்கும் நிலையில் செறிவை வைத்துக்கொண்டு, எங்கே குழல் வேண்டுமோ அங்கே மட்டும் தொடக்கப் புள்ளியை வைக்கிறது. 1989 இல் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் பெர்ல் ஓக்லி கண்டறிந்த காமா டியூபுலின்தான் அந்தப் புள்ளி. அது வேறு சில புரதங்களோடு சேர்ந்து ஒரு வளையமாகி, பெரும்பாலும் செல்லின் கருவுக்கு அருகிலுள்ள சென்ட்ரோசோம் என்ற மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் வளரும் குழலில் 13 இழைகள் அமைகின்றன. சோதனைக் குழாயில் தொடக்கப் புள்ளி இல்லாமல் வளரும் குழல்களில் 14 இழைகள் உள்ளவையே அதிகம், வேறு எண்ணிக்கைகளும் கலந்திருக்கும்.

4 ஜூன் அன்று வடிவம் முழுவதும் வரிசையிலிருந்து வருவதுபோல் எழுதியதை இங்கே சற்றுக் குறுக்க வேண்டும். டியூபுலினின் வரிசை அனுமதிப்பது ஒரு வீச்சை, அதற்குள் 13 என்று குறுக்குவது வளையம். அதிலும் விலக்கு உண்டு, மண்ணில் வாழும் ஒருவகை உருளைப்புழுவான சீனோராப்டிடிஸ் எலிகன்ஸில் பெரும்பாலான குழல்கள் 11 இழைகளும் தொடுவுணர்வு நரம்புகளில் உள்ளவை 15 இழைகளும் கொண்டவை.

20 ஜூன் 2022

சுருக்கமான ஒரு பதில். சென்ட்ரோசோமை எடுத்துவிட்டால் குழல்களே இருக்காதா என்று கேட்டவருக்கு: தாவரச் செல்களில் சென்ட்ரோசோமே கிடையாது, ஆனாலும் காமா டியூபுலின் உண்டு, குழல்களும் உண்டு.

26 ஜூன் 2022

விடையின் மறுபாதி. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைசன்பெர்க்கின் கலவையில் ஜி.டி.பி. இருந்தது என்று எழுதினேன். ஏ.டி.பி.யைப் போலவே இதுவும் ஆற்றல் அடங்கிய மூலக்கூறு. குழல் உருவாக ஆற்றல் தேவை, அதற்காகத்தான் ஜி.டி.பி. செலவாகிறது என்று யாரும் நினைக்கலாம், நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். உண்மை நேர்மாறானது. பீட்டா டியூபுலினில் ஜி.டி.பி. உட்கார்ந்திருக்கும் டைமர் குழலில் சேர்கிறது, சேர்ந்த பிறகுதான் அந்த ஜி.டி.பி. உடைந்து அதன் ஒரு பாஸ்பேட் கழல்கிறது. உடைக்க முடியாத போலி ஜி.டி.பி.யைக் கொடுத்தாலும் குழல்கள் நன்றாகவே உருவாகின்றன, ஆனால் பிறகு அவை எளிதில் கலைய மறுக்கின்றன. ஆக, கூடுவதற்கு விலை இல்லை. செல் விலை கொடுப்பது கலைப்பதற்காக.

பாஸ்பேட் கழன்ற டைமர் வளைய விரும்புகிறது, குழலுக்குள் பக்கத்து இழைகளின் பிடியில் அது வலுக்கட்டாயமாக நேராக நிற்கிறது. முனையில் புதிதாகச் சேர்ந்த, இன்னும் ஜி.டி.பி. உடையாத டைமர்கள் மூடிபோல் இருக்கும் வரை குழல் வளரும். சேரும் வேகம் குறைந்து மூடி தேய்ந்துவிட்டால், உள்ளே அடக்கி வைத்திருந்த வளைவு வெளிப்பட்டு, இழைகள் வெளிப்புறமாகச் சுருண்டு பிரியும், குழல் வளர்ந்ததைவிட வேகமாகக் குறுகும். குறுகும்போதே மூடி மீண்டும் அமைந்துவிட்டால் வளர்ச்சி மறுபடியும் தொடங்கும்.

இதைக் கண்டறிந்தது 1984 இல், டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும். அவர்கள் பார்த்த முரண் இதுதான்: கரைசலின் செறிவைக் குறைத்தபோது குழல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போயிற்று, ஆனால் மீந்திருந்தவற்றின் சராசரி நீளம் கூடியது. சமநிலைக் கணக்கின்படி எல்லாம் சேர்ந்து குறுக வேண்டும் அல்லது எல்லாம் நிலைத்து நிற்க வேண்டும். ஒரே கரைசலில், ஒரே நேரத்தில், சில வளர்ந்துகொண்டும் சில சரிந்துகொண்டும் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹோரியோவும் ஹோதானியும் நுண்ணோக்கியில் தனித்தனிக் குழல்கள் இப்படி வளர்வதையும் சரிவதையும் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள்.

இனோவே சொன்ன சமநிலை தவறாகிவிட்டதா என்று கேட்பீர்கள். அலகுகள் போவதும் வருவதுமாக இருக்கின்றன என்பது நின்றது, சமநிலை என்பது நிற்கவில்லை. ஆற்றலைச் செலவிட்டு நிலையாமையை வாங்கி வைத்திருக்கும் அமைப்பு இது.

இந்த வீண்செலவு எதற்கு? செல் பிரியும்போது குரோமோசோம்கள் எங்கே கிடக்கின்றன என்று குழலுக்குத் தெரியாது. எல்லாத் திசைகளிலும் குழல்கள் நீள்கின்றன, ஒன்றையும் தொடாதவை சரிந்து மறைகின்றன, அவற்றின் டைமர்கள் வேறு திசையில் முயலப் பயன்படுகின்றன. குரோமோசோமின் பற்றிடத்தைத் தற்செயலாகத் தொட்டது நிலைக்கிறது. வரைபடம் இல்லாமலேயே ஒவ்வொரு முறையும் கதிர்கோல் சரியாக அமைவது இப்படித்தான். பிறகு குரோமோசோம் துருவத்துக்கு இழுக்கப்படும்போது, இழுவிசையின் ஒரு பகுதி குழல் கலையும்போது வெளிப்படும் அந்த அடக்கப்பட்ட வளைவிலிருந்தே கிடைக்கிறது. கலைப்பதற்குக் கொடுத்த விலை அங்கே வேலையாகத் திரும்புகிறது.

27 ஜூன் 2022

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு "அப்போது எல்லாமே தானாகத்தானே" என்று கேட்டவர் மகிழ்ந்திருக்கிறார். அவசரம் வேண்டாம். டியூபுலின் கூடுவது தானாக, ஆனால் டியூபுலின் சரியாக மடிவது தானாக அன்று. ரைபோசோமிலிருந்து வெளிவரும் சங்கிலி, இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஒரு பெரிய சாப்பரோன் புரதத்தின் (மற்றப் புரதங்கள் மடிய உதவும் புரதம்) உட்குழிவுக்குள் போய்த்தான் மடிகிறது. பாக்டீரியாவில் வைத்து அதிக அளவில் எளிதாகத் தயாரிக்கக்கூடிய புரதமாக டியூபுலின் இல்லாததற்கு அதுவே காரணம், நாங்கள் விடிகாலையில் ஆட்டுத்தொட்டிக்கு ஓடியதும் அதனால்தான்.

3 ஜூலை 2022

"இதனால் யாருக்கு என்ன பயன்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டிலும் வயலிலும் உள்ளவற்றையே சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் அதைக் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகப் பயிரிடுகிறார்கள், காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துவிடும் நுட்பமான வேளாண்மை அது. அந்த விதையிலிருந்து எடுக்கப்படுவது கோல்சிசின், மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து வரும் வீக்கத்துக்கான மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் நஞ்சும் அதுவே. சிகாகோவில் கேரி பொரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க அடையாளமிட்ட கோல்சிசின் செல்லுக்குள் எதில் போய் ஒட்டுகிறது என்று 1967 இல் தேடியபோதுதான் டியூபுலினே கையில் சிக்கியது. பிரியும் செல்களில் அது மிகுதியாக ஒட்டும் என்பது எதிர்பார்த்தது, பிரியவே பிரியாத மூளைத் திசுவில் அத்தனை ஒட்டும் என்பது எதிர்பாராதது. நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் நுண்குழல்கள் நெருக்கமாகக் கிடப்பதே அதற்குக் காரணம். கோல்சிசின் ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் இடையே நுழைந்து டைமரை நேராக நிமிர விடாமல் தடுக்கிறது, நிமிராத டைமர் குழலில் பொருந்தாது.

வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து 1958 இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டினும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது. பசிபிக் யூ மரத்துப் பட்டையின் டாக்ஸால் வேறு வழியில் போகிறது, அது குழலைக் கலைய விடாமல் இறுக்கிவிடுகிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979 இல் காட்டினார். கூட விடாததும் புற்றுநோய் மருந்து, கலைய விடாததும் புற்றுநோய் மருந்து. 26 ஜூன் பதிவில் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னும் உண்டு. விதை நேர்த்திக்குப் பயன்படும் கார்பன்டாசிம் பூஞ்சையின் பீட்டா டியூபுலினைப் பிடிக்கிறது. பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் புழுவின் பீட்டா டியூபுலினைப் பிடிக்கிறது. நிலக்கடலையிலும் பருத்தியிலும் களை முளைக்குமுன் தெளிக்கும் பென்டிமெத்தலின் தாவரத்தின் டியூபுலினைப் பிடிக்கிறது, களையின் வேர்நுனி வீங்கி நின்றுவிடுகிறது. புரதம் ஒன்றே என்றாலும், பூஞ்சைக்கும் புழுவுக்கும் புல்லுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடுகளில்தான் இந்த மருந்துகள் பிழைக்கின்றன. அந்த வேறுபாடு ஒரே அமினோ அமிலத்தில் மாறினாலும் மருந்து தோற்கும். ஆடுகளின் இரைப்பைப் புழுவில் பீட்டா டியூபுலினின் 200 ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் டைரோசினாக மாறியதும் புழுநீக்க மருந்து வேலை செய்வதில்லை. கேழ்வரகின் நெருங்கிய உறவான ஒரு களைப்புல்லிலும் ஆல்ஃபா டியூபுலினில் நேர்ந்த ஒற்றை மாற்றமே இதே வகைக் களைக்கொல்லிகளை எதிர்க்கும் ஆற்றலைத் தந்திருக்கிறது.

4 ஜூலை 2022

செங்காந்தள் தன் நஞ்சாலேயே ஏன் சாகவில்லை என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. பொதுவாகவே தாவர டியூபுலினில் கோல்சிசின் விலங்கு டியூபுலினில் ஒட்டுவதுபோல் இறுக்கமாக ஒட்டுவதில்லை. குரோமோசோம்களை இரட்டிக்கத் தாவர வளர்ப்பாளர்கள் கோல்சிசினைப் பயன்படுத்தும்போது, விலங்குச் செல்லுக்குத் தேவையானதைப்போலப் பன்மடங்கு செறிவில் தடவ வேண்டியிருப்பதும் அதனால்தான்.

17 ஜூலை 2022

கேட்டவர் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்: தானாகக் கூடுவது இவ்வளவு எளிதென்றால், வேண்டாத புரதங்களும் கூடிக்கொள்ளாதா? கூடிக்கொள்ளும். அதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு, அரிவாள் செல் நோய். லேமனும் கட்புஷும் 1952 இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மையைக் கண்டறிந்து வெளியிட்டது தென்னிந்தியாவில் இதைப் பற்றிய தொடக்கக் காலப் பதிவு.

ஹீமோகுளோபின் கரைந்தே இருக்க வேண்டிய புரதம், எந்த அமைப்பாகவும் கூடுவது அதன் வேலை அன்று. அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் வாலைனாக மாறியிருப்பதை 1950களின் நடுவில் வெர்னன் இங்ராம் கண்டறிந்தார். நீரை விரும்பாத வாலைன் மேற்பரப்பில் வந்து நிற்கிறது, ஆக்சிஜனை விட்ட நிலையில் பக்கத்து மூலக்கூறில் அதற்குப் பொருத்தமான ஒரு குழிவு கிடைத்துவிடுகிறது. அவ்வளவுதான், 14 இழைகள் முறுக்கிய நாராக அது கூடத் தொடங்கி, சிவப்பணுவை உள்ளிருந்து விறைக்கச் செய்கிறது. டியூபுலினுக்குச் செல் வைத்திருப்பது போன்ற தொடக்கப் புள்ளியும் மூடியும் இங்கே கிடையாது. ஆக்சிஜன் ஏறினால் மட்டுமே கலையும்.

ஆனால் ஊசாவாவின் காத்திருப்பு இங்கேயும் உண்டு. அந்தக் காத்திருப்பு செறிவின் ஏறத்தாழ 30 ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது என்று 1974 இல் ஹோஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் ஆகியோர் அளந்தார்கள். செறிவு 10 சதவீதம் குறைந்தால் காத்திருப்பு 20 மடங்குக்கு மேல் நீளும் என்று பொருள். சிவப்பணு மெல்லிய இரத்த நுண்குழாய்களைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளச் சில வினாடிகளே ஆகும். அதற்குள் நார் தொடங்காவிட்டால் அந்தச் சுற்றில் அணு தப்பிவிடும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்கள் பெரும்பாலும் நலமாக இருப்பதும், ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து கருவிலுள்ள குழந்தைக்குரிய ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்து உதவுவதும் இதனால்தான். அந்தக் கருப்பருவ ஹீமோகுளோபின் நாருக்குள் சேர்வதில்லை. சிறிது கலந்தாலே சேரக்கூடியதன் செறிவைக் குறைத்து, தேவையான வினாடிகளை வாங்கித் தந்துவிடுகிறது.